மணலில் எர்த்து பிடிக்காது

தேங்காய்ப்பட்டணம்
12.11.2023

மகன் அஜினுக்கு அப்பா கிளீட்டஸ் எழுதுவது.

நலம் என்று தொடங்கவேண்டும். தொடங்கினால் பொய்யாகிவிடும். சிறைக்கு வரும் கடிதங்களைப் படித்துப் பார்த்து முத்திரை குத்துகிற ஐயா முதல் வரியிலேயே என்னை எடைபோட்டுவிடுவார். ஐயாவுக்கும் வணக்கம். எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளணும். நான் ஒன்பதாம் வகுப்பு வரை. அதை இரண்டு தடவை படித்ததால் பத்து என்றும் வைத்துக்கொள்ளலாம்.

போன சனிக்கிழமையும் உன்னைப் பார்க்க வந்தோம். உன் அம்மா விக்டோரியா நெய்மீன் வறுத்து எடுத்து வந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னேன். "கேட்டுப் பாக்கதுக்கு என்ன, வாயா தேயும்?" என்றாள். மீனையும் விடவில்லை, எங்களையும் விடவில்லை. "பார்க்கமாட்டேன்னு சொல்லிட்டான், போங்க" என்று வார்டர் வந்து சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் அந்த மீனை நான்தான் தின்றேன். விக்டோரியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

வக்கீலிடம் நீ சொல்லி அனுப்பியதும் வந்து சேர்ந்தது. தண்டனை முடிந்து வெளியே வந்தாலும் ஊருக்கு வரமாட்டாய், நேரே குஜராத்துக்கு மீன்பிடி போட்டுக்குப் போய்விடுவாய் என்று. கடலில் கால் நனைத்தாலே வாந்தி எடுக்கிறவன் நீ. ஊர் என்ன சொல்கிறது என்று உனக்குத் தெரியவேண்டாமா? நம் வீட்டுக்கு யாராவது வழி கேட்டால், "திருவிழா வளைவுல ஷாக் அடிச்சுச் செத்தானே விபின், அந்த லைட்டு போட்டவனுக்க வீடா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை காட்டுகிறார்கள். மறைக்கவில்லை. ஆனால் வழியும் காட்டத்தான் செய்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சவுதியில் நான் ஏசி வேலை செய்த கேம்பின் சாப்பாட்டு ஹாலில் நின்ற பாட்டுப் பெட்டி, காசு போட்டுப் பொத்தானை அமுக்கினால் இசைத்தட்டு தானே எழுந்து வந்து பாடுமே, அந்த ஜூக் பாக்ஸ். வேண்டாம் என்று வெளியே போட்டதை நான் கம்பளியில் சுற்றிக் கப்பலில் அனுப்பி, நீயும் உன் கூட்டாளி விபினும் சரிசெய்வோம் என்று சொல்லிச் சொல்லியே அப்படியே கிடந்தது. வீட்டில் உன் அம்மா பேசுவதில்லை. டிவி போட்டால் அணைக்கிறாள். அந்தப் பெட்டியாவது பேசட்டும் என்று ப்ளக்கைச் சொருகினேன்.

டப் என்று ஒரு சத்தம். ஃபியூஸ் போயிற்று. அதே மாதிரி ஃபியூஸ் இங்கே கிடைக்கவில்லை. ஒயரை உரித்துச் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தேன். மூளை இருக்கிறது பார். இப்போது ஃபியூஸ் போவதில்லை, உள்ளே கலர் விளக்கெல்லாம் எரிகிறது. ஆனால் வெள்ளி விளிம்பில் கை வைத்தால் நறுக்கென்று கடிக்கிறது. வெறுங்காலோடு நின்றால் தோள் வரைக்கும் ஏறுகிறது. இது எதனால்? நாளை பின்பலகையைக் கழற்றிக் கைவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

அப்பா


23.11.2023

அப்பாவுக்கு,

பெட்டியைத் தொடாதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த உடனே ப்ளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பிடுங்கவேண்டும். அம்மாவை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

'நாளை' என்று எழுதி அனுப்பிவிட்டீர்கள். உங்கள் கடிதம் என் கைக்கு வரும்போதே அந்த நாளை போய்விட்டது. வந்ததிலிருந்து நான் தூங்கவில்லை. உயிரோடு இருந்தால் ஒரு கார்டில் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

செம்புக் கம்பியை எடுத்து எறியுங்கள். எங்கோ தப்பு இருப்பதால்தான் ஃபியூஸ் போனது. அதைப் போகவிடாமல் நீங்கள் வாயைக் கட்டிவிட்டீர்கள். இனி போவது ஆள்தான்.

திறந்துதான் தீருவேன் என்றால் (உங்களை எனக்குத் தெரியும்) பகலில், செருப்புப் போட்டுக்கொண்டு, ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திறங்கள். ப்ளக் பிடுங்கிய பிறகும் உள்ளே டப்பா போல நிற்கும் பெரிய கண்டென்சர்களில் கரண்டு தேங்கி இருக்கும். குண்டு பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் கட்டி, அந்த முனைகளை கண்டென்சரின் இரண்டு காலிலும் வையுங்கள். பல்பு ஒரு தடவை மினுங்கி அணையும். அதற்குப் பிறகுதான் கை. மெயின் ஒயர் உள்ளே நுழையும் இடத்தில், ஒயருக்கும் பெட்டியின் இரும்பு உடம்புக்கும் நடுவில் ஒரு சின்ன கண்டென்சர் இருக்கும். பழைய பெட்டிகளில் அது ஒழுகும். கடிப்பது அதுதான். வெட்டி எடுத்துவிடுங்கள்.

இதோடு சரி. எனக்கும் கரண்டுக்கும் இனி ஒட்டு இல்லை. இங்கே டியூப்லைட் மாற்றக் கூப்பிட்டார்கள், போகவில்லை. தறியில் பெட்ஷீட் நெய்கிறேன். ஊருக்கு வரமாட்டேன் என்றது வரமாட்டேன்தான். அம்மாவை வீணாக அலைய வைக்காதீர்கள்.

அஜின்


அஞ்சல் அட்டை, 28.11.2023

உயிரோடு இருக்கிறேன். அம்மாவும். பெட்டியும்.
அப்பா


தேங்காய்ப்பட்டணம்
10.12.2023

மகன் அஜினுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். ஒரு கை சட்டைப் பைக்குள், ஒரு கை பெட்டிக்குள். சந்தையில் பிக்பாக்கெட்டுக்குப் பயந்து நடக்கிறவன் போல இருந்தேன். உன் அம்மா காய்ந்த தென்னை மட்டையைப் பிடித்துக்கொண்டு கதவருகில் காவல் நின்றாள். நான் கரண்டில் ஒட்டிக்கொண்டால் அடித்துப் பிரிப்பதற்காம். "ப்ளக்கத்தான் பிடுங்கியாச்சே" என்றேன். "இருந்தாலும் இருக்கட்டு. ஒரு அடி பாக்கி கிடக்கு" என்றாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் முழுதாகப் பேசியது அது.

பல்பு மினுங்கி அணைந்தது. சின்ன கண்டென்சர் வெடித்து மெழுகு வடிந்து கிடந்தது, வெட்டினேன். கடி நின்றுவிட்டது. ஃபியூஸும் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கிடைத்தது. இப்போது பொத்தானை அமுக்கினால் உள்ளே கை ஒன்று நகர்ந்து போய்த் தட்டை எடுக்கிறது, வைக்கிறது, முள் இறங்குகிறது. ஆனால் பாட்டு இல்லை. 'ம்ம்ம்ம்' என்று ஒரே முனகல். பொத்தான்கள் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை. உள்ளே செம்பெல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கிறது. இதையெல்லாம் படமாக வரைந்து போன வாரமே அனுப்பினேன். அது திரும்பி வந்துவிட்டது. சிவப்பு ஒயர், டைமர், இங்கே அமுக்கவும் என்றெல்லாம் குறித்திருந்தேன். யாராக இருந்தாலும் பயப்படத்தான் செய்வார்கள். ஐயா, அது வெடிகுண்டு இல்லை, பாட்டுப் பெட்டிதான். சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பார்க்கலாம், சாயா தருவோம்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்று நாளைக்கு முன் விபினின் அம்மா பகவதியம்மாள் வந்தாள்.

அவன் போன பிறகு அவள் நம் வீட்டுப் படி ஏறியதில்லை. எதிர்வீடாக இருந்தும் இல்லை. காய்ந்த மணலில் எர்த்துக் கம்பியை அடித்து, பிடித்திருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் லைட் போட்டேன் என்று, வக்கீல் தடுத்தும் கேளாமல் நீ கோர்ட்டில் ஒப்புக்கொண்டாயே, அன்றைக்கு அவள் பின்பெஞ்சில் இருந்து கேட்டாள். அதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும், மாவு மில்லுக்குப் போனாலும், நேரே ப்ளக்கைப் பிடுங்கி எர்த்துக்கான மூன்றாவது கால் இருக்கிறதா என்று பார்க்கிறாள். "இந்த மிசினுக்கு எர்த்து உண்டுமா?" என்று கேட்கிறாள். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் அவள் வருவதைக் கண்டதும் ப்ளக்கை மறைக்கிறார்கள்.

முனகல் சத்தம் கேட்டுத்தான் வந்திருக்கிறாள். "கிளீட்டசண்ணே, உள்ள ஆரு கரையுதது?" என்றாள். ஆரும் அழவில்லை, பெட்டி என்றேன். குனிந்து ப்ளக்கைப் பார்த்தாள். "ரெண்டு காலுதான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். விக்டோரியா அடுக்களைக்குள் நின்று அழுதாள். முனகலை அணைத்தேன்.

முனகல் எதனால், எழுது.

அப்பா


29.12.2023

அப்பாவுக்கு,

அவங்க பெயரை இனி எழுதாதீர்கள். எழுதினால் கடிதத்தைப் பிரிக்கமாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு இங்கே கேக் கொடுத்தார்கள். வேலை பார்க்கிற இடத்தில் சீரியல் லைட் போட்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

முனகல் பெரிய கண்டென்சரால். வயதாகி உள்ளே காய்ந்திருக்கும். அதே அளவு எண் போட்டது வாங்குங்கள், வோல்ட் எண் கூட இருந்தாலும் பரவாயில்லை, குறையக்கூடாது. ப்ளஸ் மைனஸ் மாற்றி வைத்தால் வெடிக்கும். முகத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைக்காதீர்கள். பச்சை பிடித்தது நம்ம ஊர் உப்புக்காற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மை அழிக்கிற ரப்பரால் ஒவ்வொரு செம்புக் காலையும் தேய்த்து, துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள்.

கடி நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கடி நின்றதால் பெட்டி நல்லது என்று ஆகாது. நாளைக்கு இன்னொரு ஒயர் உரிந்து உடம்பில் பட்டால் திரும்ப அதே கதை. பெட்டியின் உடம்புக்கு எர்த்து ஒயர் போட்டு, மூன்று கால் ப்ளக் மாட்டி, அந்தக் கரண்டு மண்ணுக்குள் போக வழி செய்யாமல் இனி அதை ஓட்டாதீர்கள். நம் வீட்டு எர்த்து தாத்தா காலத்தது, அதை நம்பவேண்டாம். புதுக் குழி போடவேண்டும். எட்டடி ஆழம், உள்ளே பைப், சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றி. நம் மணலில் சும்மா பிடிக்காது. தினமும் தண்ணீர் ஊற்றவேண்டும். தண்ணீர் நின்றால் எர்த்தும் நின்றுவிடும்.

ஆள் வைத்துச் செய்யுங்கள். நீங்களே செய்யாதீர்கள்.

அஜின்


தேங்காய்ப்பட்டணம்
28.1.2024

மகன் அஜினுக்கு,

நானேதான் செய்தேன்.

நம் மணல் இருக்கிறதே, ஒரு சட்டி அள்ளினால் இரண்டு சட்டி சரிகிறது. இடுப்பளவு போவதற்குள் என் இடுப்பு போய்விட்டது. பழைய கிணற்று உறைகளை இறக்கி, அதற்குள் நின்று தோண்டினேன். வழியில் போன முத்துநாயகம், "என்னண்ணே, ஒமக்குத்தான் தோண்டுதேரா?" என்றான். "இல்லலே, ஒனக்காக்கும், அளவு எடுக்கணும், கொஞ்சம் எறங்கு" என்றேன். கரி வாங்கினேன், உப்பு மூடை வாங்கினேன். "கடலு பக்கத்துல கெடக்கு, உப்ப வெலக்கி வாங்கிக் குழியில தட்டுத மனுசன எங்கயாவது கண்டதுண்டா" என்று உன் அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவள் இப்போது சுவரிடம் நன்றாகப் பேசுகிறாள்.

தோண்டும்போது ஒரு ஆள் வந்து நின்று பார்த்தது. பெயரை எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டாய், எழுதவில்லை. எதற்குக் குழி என்று கேட்டது. எர்த்துக்கு என்றேன். கரையில் உட்கார்ந்துகொண்டது. வேலை முடியும் வரை எழுந்திருக்கவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றணும் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போனது. மறுநாள் நான் எழுந்து வரும்போதே குழி நனைந்திருந்தது. அதற்கு அடுத்த நாளும். விக்டோரியா ஊற்றியிருப்பாள் என்று நானும், நான் என்று அவளும் நினைத்துக்கொண்டோம்.

மூன்று கால் ப்ளக் மாட்டியாயிற்று. கண்டென்சர் மாற்றியாயிற்று. வெடிக்கவில்லை. பொத்தான்களை ரப்பர் போட்டுத் தேய்த்தேன், எல்லாம் வேலை செய்கிறது. முனகல் போய்ப் பாட்டு வந்தது.

ஆனால் மக்கா, என்ன பாட்டு! பெண் பாடினால் ஜலதோஷம் பிடித்த ஆண் பாடுவது போல இருக்கிறது. ஆண் பாடினால் கிணற்றுக்குள்ளிருந்து எருமை. கல்யாணப் பாட்டைக் கேட்டால் யாரோ செத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. எல்லாத் தட்டும் இப்படியே. ரப்பர் சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்து மாற்றினேன். எண்ணெய் போட்டேன். கழற்றிக் கழுவி மாட்டினேன். முள்ளின் பாரம் கூடுதலோ என்று அதையும் குறைத்துப் பார்த்தேன். ஒரு சுற்று கூடவில்லை. சவுதியில் துள்ளித் துள்ளிப் பாடிய பெட்டி இது. அங்கே கேட்ட காது இது. வோல்டேஜுக்கு ஸ்டெப் டவுன் பெட்டி கூட அங்கிருந்தே கொண்டுவந்தேன், அதில் நூற்றுப் பத்து சரியாக வருகிறது. பிறகு எதற்கு இந்த ஒப்பாரி?

உன் அம்மா சொல்கிறாள், "போட்டுட்டு இரும். இந்த வீட்டுக்கு இது பொருத்தமாத்தான் இருக்கு."

அப்பா


14.2.2024

அப்பாவுக்கு,

என்னைப் பேச வைப்பதற்காக நீங்களே பெட்டியைக் கெடுத்துக் கெடுத்து எழுதுகிறீர்களோ என்று நினைத்திருந்தேன். மெதுவாகப் பாடுகிறது என்று எழுதியதும் நம்பிவிட்டேன். அந்தப் பழுதை உங்களால் கற்பனை செய்ய முடியாது.

பெட்டியில் பழுதே இல்லை. சவுதியில் கரண்டு ஒரு நொடிக்கு அறுபது தடவை ஏறி இறங்கும், அதை அறுபது சைக்கிள் என்போம். நமக்கு ஐம்பது. ஸ்டெப் டவுன் பெட்டி வோல்ட்டைத்தான் குறைக்கும், சைக்கிளை மாற்றாது. பெட்டிக்குள் இருக்கும் மோட்டார், கரண்டின் சைக்கிளை எண்ணித்தான் சுற்றும். அங்கே ஆறு சுற்று சுற்றுகிற நேரத்தில் இங்கே ஐந்துதான் சுற்றும். துபாய்க்காரர் கொண்டுவந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் ஐம்பதுதான். சவுதிக்காரருக்கு மட்டும் வருகிற சீக்கு இது. நீங்கள் மாற்றிய ரப்பர் சக்கரம் பாவம்.

மோட்டார் தண்டின் நுனியில் சின்னப் பித்தளைக் கப்பி இருக்கும், ரப்பர் சக்கரத்தைத் தள்ளுவது அதுதான். அது ஐந்து பங்கு பருமன் என்றால் ஆறு பங்காகக் கடைந்து போடவேண்டும். அருமனையில் லேத் வைத்திருக்கும் சுந்தர்சிங்கிடம் கொடுங்கள். கண்ணால் பார்த்துக் கடைய விடாதீர்கள், அளந்து கடையச் சொல்லுங்கள். மோட்டார் ரொம்பச் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டவேண்டாம்.

இதை எழுதும்போது பக்கத்துத் தறிக்காரர் "சிரிக்கியாடே நீ?" என்றார். எனக்கே தெரியவில்லை. அப்புறம் ரொம்ப நேரம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்பா, நீங்கள் நினைப்பது புரிகிறது. ஊர் பேசும் என்று நான் பயப்படவில்லை. பேசட்டும், கேட்டுக்கொள்வேன். கோர்ட்டில் அவங்க என் பக்கத்தில்தான் நடந்து போனாங்க. திட்டவில்லை. மண்ணை வாரிப் போடவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் கதவு திறக்கும்போதெல்லாம் நான் எந்தப் பக்கம் பார்ப்பேன்? அதற்குத்தான் குஜராத். வாந்தி வந்தால் வரட்டும்.

பெயரை எழுதாமல் எழுதியதும் எழுதியதுதான்.

குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

அஜின்


தேங்காய்ப்பட்டணம்
17.3.2024

மகன் அஜினுக்கு,

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். பகவதியம்மாள்தான். விடியும் முன்னே எதிர்வீட்டிலிருந்து குடத்தோடு வந்து ஊற்றிவிட்டுப் போகிறாள். ஒரு நாள் சீக்கிரம் எழுந்து கதவிடுக்கில் பார்த்தேன். திருடனைப் பிடிக்கிறவன் போல நின்றேன், பிறகு நான்தான் திருடன் போல உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

கப்பி கடைந்து வந்தது. சுந்தர்சிங், "இது எதுக்குண்ணே, மருமொவனுக்கு மோதிரமா?" என்று கேலி செய்தாலும் அளந்து அளந்துதான் கடைந்தான். மாட்டினேன். பெட்டி பாடியது. அஜின், பெண் பெண்ணாகப் பாடினாள். கேம்பில் கேட்ட அதே துள்ளல். உன் அம்மா மாவு பிசைந்த கையோடு வந்து நின்றாள். எனக்கு வந்த மகிழ்ச்சியில் அடுத்த பாட்டுக்குப் பொத்தானை அமுக்கினேன், அதே பாட்டு வந்தது. வேறு பொத்தானை அமுக்கினேன், அதே பாட்டு. இப்போது எதை அமுக்கினாலும் அந்த ஒரே பாட்டுத்தான். விட்டுவிட்டேன். ஒன்று சரியானால் ஒன்று.

நாலாவது தடவை அந்தப் பாட்டு ஓடும்போது பகவதியம்மாள் வாசலில் நின்றாள். இந்தத் தடவை ப்ளக்கைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஆகிவிட்டது என்று பெட்டியை அணைத்தேன். பிறகு நடந்ததை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன். கூட்டினால் உன் அம்மா பிடித்துவிடுவாள், பக்கத்தில்தான் இருக்கிறாள்.

"ஒமக்க மவன் எப்பம் வாறான்?" என்றாள்.

"ஏப்ரலுல விடுவாவ. ஆனா ஊருக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டான்" என்றேன்.

"பின்ன எங்க போவானாம்?"

"குஜராத்துக்கு. போட்டுக்கு."

விக்டோரியா சாயா கொடுத்தாள், வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் சொன்னாள்:

"எனக்க பிள்ள வரமாட்டான். அது எனக்குத் தெரியும். இவன் வரலாம், ஆனா வரமாட்டான். அது எந்த ஊரு நியாயம், கிளீட்டசண்ணே?"

"அவனுக்கு ஒங்க மொகத்தப் பாக்கப் பயமாக்கும்" என்று உன் அம்மா சொன்னாள்.

"பயக்கட்டு. பயக்காண்டாம்னு நான் சொன்னனா? எனக்கு அவன் மேல உள்ளது எனக்குள்ள கெடக்கு எக்கா, அது போகாது. மன்னிச்சேன்னு கின்னிச்சேன்னு எழுதிராதேயும் அண்ணே, நான் அப்பிடிச் சொல்லல்ல." என் பக்கம் திரும்பினாள். "இந்தக் குழிக்கு நான் தெனமும் தண்ணி கோரி ஊத்துதேன். பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கும்" என்றேன்.

"பிடிச்சிருக்குமா, பிடிச்சிருக்கா?"

அளக்கவில்லை என்றேன். கரண்ட் ஆபீஸில் சொல்லி ஆள் கூட்டி வந்து அளக்கிறேன் என்றேன். அதற்கு அவள் சொன்னாள்:

"வேற எவனும் வந்து மீட்டரு வச்சு நல்லாருக்குன்னு சொன்னா நான் நம்பமாட்டேன். அவனுக்கு வேற சோலி கெடக்கும், பாத்தும் பாக்காமலும் போவான். ஒமக்க மவன் வந்து அளக்கட்டு. அளக்காம விட்டா என்ன ஆவும்னு இந்த ஊருல அவனுக்கு மட்டுந்தான் தெரியும். அளந்து முடிச்சிட்டு எனக்க வீட்டுக்கும் ஒரு குழி போட்டுத் தரணும். மாவு மில்லுக்கும். ஒவ்வொருத்தனும் நான் போனா ப்ளக்க ஒளிக்கான். நான் கேட்டா சிரிப்பானுவ, அவன் கேட்டா சிரிக்கமாட்டானுவ. இத எழுதும்."

எழுந்து போனாள். சாயாவைக் குடிக்கவில்லை.

எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நான் இதில் என் பங்காக ஒன்றும் சேர்க்கப் போவதில்லை. சேர்க்கத் தெரிந்தால் ஒன்பதாம் வகுப்பை ஒரு தடவையிலேயே முடித்திருப்பேன். உன் அம்மா மட்டும் ஒரு வரி எழுதச் சொல்கிறாள்: நெய்மீன் சீசன் முடியப் போகிறதாம்.

அப்பா


5.4.2024

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்துப் பன்னிரண்டு நாள் மடித்தே வைத்திருந்தேன். மடிப்புக்கு வெளியே முதல் வரியிலேயே அவங்க பெயர் தெரிந்தது. பிரிக்கமாட்டேன் என்றவன் பிரித்துவிட்டேன். படித்த பிறகு இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் வரமாட்டேன் என்று இருந்தது. இன்னொன்றில் என்ன இருந்தது என்று சொல்லமாட்டேன்.

பதினெட்டாம் தேதி விடுகிறார்கள். ரயிலில் இரணியல் வந்து இறங்குவேன். யாரும் வரவேண்டாம். அம்மா வந்தால் வரட்டும். மீனோடு வரவேண்டாம், ரயில்வே ஸ்டேஷனில் வைத்துச் சாப்பிட வைத்துவிடுவாள்.

சுந்தர்சிங்கிடம் கேட்டு எர்த்து மீட்டர் இரவல் வாங்கி வையுங்கள். அளப்பதற்குக் குழியிலிருந்து தள்ளித் தள்ளி இரண்டு கம்பி அடித்து, ஒயர் இழுக்கவேண்டும். ஒரு ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டால் நல்லது. உங்களுக்கு இடுப்பு வளையாது, அம்மாவுக்குக் கை நடுங்கும். அவங்க பிடிப்பாங்களா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்களும் கேட்கவேண்டாம். வந்து நின்றால் நிற்கட்டும். நான் மீட்டரைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பேன் என்று எதிர்பார்க்கவேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

அளந்து பார்க்கும்போது சரியில்லை என்று வந்தால் சரியில்லை என்றுதான் சொல்வேன். தினமும் ஊற்றியிருக்கிறாங்களே என்று பார்த்துக் கூட்டிச் சொல்லமாட்டேன். அதையும் சொல்லி வையுங்கள். கைக்கு வந்த வேலை மறந்துபோயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. நேற்று இங்கே டியூப்லைட் ஒன்று மாற்றினேன். எரிகிறது.

அவங்க வீட்டுக்குக் குழி, அடுக்களைக்குப் பின்னால், சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற பக்கம், அங்கே மண் எப்போதும் ஈரமாக இருக்கும். உறை கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். ஆனால் மண்வெட்டியை எடுக்காதீர்கள். நான் வந்து தோண்டுகிறேன்.

அஜின்